நூற்றுக்கு நூறு வாங்கி ஃபெயிலான கதை!

நான் பி.காம். பத்திரிகைகளுக்கு எழுதுவது போக, நண்பனின் மொத்த ஜவுளிக் கடையில் கணக்கும் பார்க்கிறேன். ஒருநாள் டீக்கடையில் யாரோ, "இனிமே கணக்கெல்லாம் மெஷினே பார்த்துக்கும் ஸார்" என்று குண்டைத் தூக்கிப் போட்டார். அன்று ராத்திரி தூக்கம் போச்சு.

மறுமாதமே ஒரு பல்கலைக்கழகத்தின் சாயங்கால வகுப்பில் மெஷின் லேர்னிங் சேர்ந்துவிட்டேன். ஃபீஸ்? ஃபிரிட்ஜ் வாங்க மனைவி சேர்த்து வைத்திருந்த பணம்!

உங்களில் பலருக்கும் இந்த ஆசை இருக்கும். பணம் கட்டுவதற்கு முன் என் கதையைக் கேட்டுவிடுங்கள்.

முதல் நாள், ரோபோவைக் காட்டுவார்கள் என்று முன்பெஞ்சில் உட்கார்ந்தேன். வந்தது மேட்ரிக்ஸ். அடுத்த வாரம் நிகழ்தகவு. அதற்கடுத்து கால்குலஸ். பிளஸ் டூவில் இவர்களுக்குப் பயந்துதான் காமர்ஸ் குரூப்பே எடுத்தேன். பதினெட்டு வருஷம் கழித்துத் தேடி வந்து பிடித்துவிட்டார்கள்!

கூட்டத்தில் ஒரே ஒரு தெரிந்த முகம், ரிக்ரஷன். பி.காம். ஸ்டாட்டிஸ்டிக்ஸ் பேப்பரில் புள்ளிகளுக்கு நடுவே கோடு போட்டோமே, அதேதான். அதற்கான 'லீஸ்ட் ஸ்கொயர்ஸ்' முறையை பிரான்ஸின் லெஜாண்டர் 1805-லேயே அச்சில் கொடுத்துவிட்டார், வால்நட்சத்திரப் பாதையைக் கணக்கிட! 'மெஷின் லேர்னிங்' என்ற பெயரைப் பரப்பியவர் ஐ.பி.எம்.மில் இருந்த ஆர்தர் சாமுவேல். கம்ப்யூட்டருக்கு செக்கர்ஸ் ஆட்டம் பழக்கியதைப் பற்றி 1959-ல் எழுதினார். விதிகளை நாம் எழுதித் தராமல், உதாரணங்களைக் காட்டி மெஷினையே கண்டுபிடிக்க வைப்பது. விஷயம் அவ்வளவுதான்.

கால்குலஸ் எதற்கு? கண்ணைக் கட்டிக்கொண்டு பழநி மலை இறங்குவதாக வைத்துக்கொள்ளுங்கள். காலால் தடவி, சரிவு எந்தப் பக்கமோ அந்தப் பக்கம் ஓர் அடி. மெஷின் தன் தப்பைக் குறைப்பது இப்படித்தான். சரிவைச் சொல்வது கால்குலஸ். அடி ரொம்பப் பெரிதானால் உருள வேண்டியதுதான்!

முதல் அஸைன்மென்ட், 1936-ல் ஃபிஷர் வெளியிட்ட ஐரிஸ் பூக்கள். மூன்று வகை, வகைக்கு 50, ஆக 150 பூ. இதழ் அளவுகளைப் பார்த்து வகையைச் சொல்ல வேண்டும். என் புரோகிராம் 150-க்கு 150 சரியாகச் சொன்னது. காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டு போனேன்.

"எந்தப் பூக்களைக் காட்டிச் சொல்லிக் கொடுத்தீங்க?" என்றார் பேராசிரியர்.

"இந்த 150 தான் ஸார்."

"பரீட்சை வெச்சது?"

"அதே 150..."

"கேள்வித்தாளை முதல் நாளே கொடுத்துட்டு பரீட்சை வெச்சிருக்கீங்க. அது படிக்கல, மனப்பாடம் பண்ணியிருக்கு."

மார்க், சைபர். 30 பூக்களைக் கண்ணில் காட்டாமல் ஒதுக்கி வைத்து மறுபடி செய்தேன். 28 சரி. இந்த 28 தான் நிஜ மார்க்!

ஆகவே நண்பர்களே, ஒரே வருஷத்தில் சாட்ஜிபிடி செய்து லட்சங்களில் சம்பளம் என்று நம்பிப் போகாதீர்கள். முதலில் பிளஸ் டூ கணக்குப் புத்தகத்தைத் தூசி தட்டுங்கள். பைதான் கொஞ்சம் பழகுங்கள். வகுப்பு போக வாரம் பத்து மணி நேரமாவது எனக்குத் தேவைப்பட்டது. பணம் கட்டுமுன், சென்னை ஐ.ஐ.டி. பேராசிரியர் ரவீந்திரனின் பாடங்களை என்.பி.டி.இ.எல்.லில் இலவசமாகப் பார்த்துவிடுங்கள். ஸ்டான்ஃபோர்டின் ஆண்ட்ரூ இங் 2011-ல் இப்படி இலவசமாக நடத்தியபோது சுமார் ஒரு லட்சம் பேர் சேர்ந்தார்கள்.

சரி, எனக்கு என்ன லாபம்? போன மாதம் கடைக்கு ஒரு சாஃப்ட்வேர் விற்பனையாளர் வந்தார். "எந்தப் பார்ட்டி பாக்கி வைப்பான்னு 99 சதவிகிதம் கரெக்டா சொல்லும் ஸார்!" நண்பன் செக் புத்தகத்தை எடுத்துவிட்டான்.

"எந்தக் கணக்குல பழக்கினீங்க, எந்தக் கணக்குல பரீட்சை வெச்சீங்க?" என்றேன்.

"கேட்டுச் சொல்றேன் ஸார்" என்று போனவர்தான், இன்னும் வரவில்லை.

வீட்டில் பெருமையாகச் சொன்னேன். மனைவி புளித்த மாவை எட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னாள்:

"அந்த ஒரு கேள்விக்கு ஒரு ஃபிரிட்ஜா?"