வுச்சிரியாவின் கல் காய்ந்துவிட்டது

சிசிலிக்கு வார இறுதியில் போகிறவர்கள் எல்லாம் முதலில் தேடுவது ஒரு சாவியை. அது யார் வீட்டுச் சாவி?

சிசிலியின் பலேர்மோ நகரத்தில் ஒரு சொலவடை உண்டு. நடக்கவே நடக்காத காரியத்தைப் பற்றிப் பேச்சு வந்தால், 'வுச்சிரியாவின் கல் காயட்டும், பார்க்கலாம்' என்பார்கள். குதிரைக்குக் கொம்பு முளைக்கட்டும் என்று நாம் சொல்வதுபோல. வுச்சிரியா அந்த நகரத்தின் பழைய சந்தை. மீன்காரர்கள் விடிந்ததிலிருந்து தண்ணீர் அடித்துக்கொண்டே இருப்பதால், தரையில் பாவிய கல்லுக்கு உலர நேரமே இருக்காது. ஓவியர் ரெனாத்தோ குத்தூசோ 1974-ல் இந்தச் சந்தையை வரைந்தார். கொக்கியில் தொங்கும் மாட்டிறைச்சி, வாள்மீன் தலை, தோளோடு தோள் இடிக்கும் கூட்டம் என்று பார்த்தாலே நாற்றமும் சத்தமும் அடிக்கும் படம்.

சனிக்கிழமை காலை பத்து மணிக்கு அந்த இடத்தில் போய் நின்றேன். கல் காய்ந்து கிடந்தது. கடைகள் என்று விரல்விட்டு எண்ணும்படி சில. மற்றபடி முந்தைய இரவு குடித்துப் போட்ட பிளாஸ்டிக் கோப்பைகள், மடக்கி வைத்த நாற்காலிகள். வுச்சிரியா இப்போது ராத்திரியில் மட்டும் விழிக்கிறது, அதுவும் வெளியூர்க்காரர்களுக்காக.

'இரண்டு நாளில் சிசிலி' என்று ஒரு கட்டுரை வேண்டும், படம் பளிச்சென்று இருக்கணும், சாப்பாடு நிறைய வரணும் என்று சொல்லித்தான் அனுப்பினார்கள். சாப்பாடு வரும். ஆனால் அந்தக் காய்ந்த கல் மனசில் ஒட்டிக்கொண்டு கூடவே வந்துவிட்டது.

வெள்ளி மாலை, விமானம்

லண்டனிலோ பாரிஸிலோ இருக்கும் உறவுக்காரர்களைக் கேட்டுப் பாருங்கள். வெள்ளி மாலை வேலை முடிந்ததும் முதுகுப்பையோடு மலிவு விமானத்தில் ஏறினால் இரவுச் சாப்பாடு பலேர்மோவில். திங்கள் காலை மறுபடி ஆபீஸ். 'காட்பாதர்' பார்த்த தலைமுறைக்குச் சிசிலியை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. இப்போது போகிறவர்கள் அந்தக் கதைக்காகப் போவதும் இல்லை, வெயிலுக்கும் தீனிக்கும் போகிறார்கள்.

தீனி என்றால் தெருத் தீனி. பல்லரோ சந்தையில் ஒரு வண்டிக்கடை முன்னால் நின்றேன். கொண்டைக்கடலை மாவைத் தண்ணீரில் கரைத்து, களி பதத்துக்குக் கிண்டி, பார்ஸ்லி இலை தூவி, மெல்லியதாகப் பரப்பி ஆறவிட்டிருந்தார்கள். அதைத் துண்டு போட்டு எண்ணெயில் விட்டதும் ஓரம் மட்டும் மொறுமொறுவென்று சுருண்டது. அதுதான் பனெல்லே. எள் தூவிய பன்னுக்குள் நாலைந்தை அடுக்கி, எலுமிச்சம்பழத்தை ஒரு பிழி. கடலை மாவில் பஜ்ஜி சாப்பிட்டு வளர்ந்த நாக்குக்கு அறிமுகமே தேவைப்படவில்லை.

பக்கத்துக் கடையில் மாட்டு மண்ணீரல் பன். வேகவைத்த மண்ணீரலையும் நுரையீரலையும் பன்றிக்கொழுப்பில் வதக்கித் தருகிறார்கள். கடைக்காரர் கேட்கும் கேள்விதான் சுவாரஸ்யம்: கல்யாணம் ஆனதா, ஆகாததா? எலுமிச்சை மட்டும் பிழிந்தால் அது பிரம்மச்சாரி. ரிக்கோத்தாவும் துருவிய சீஸும் சேர்த்தால் அதற்குக் கல்யாணம் ஆகிவிட்டதாம்!

சாதம் உருட்டிப் பொரிக்கும் பலகாரத்திலும் இப்படி ஒரு வம்பு இருக்கிறது. பலேர்மோவில் அது அரான்சினா, பெண்பால், பந்துபோல உருண்டை. தீவின் கிழக்குக் கரையில் இருக்கும் கத்தானியாவில் அது அரான்சினோ, ஆண்பால், எட்னா எரிமலை மாதிரிக் கூம்பு. மாற்றிச் சொன்னால் கடைக்காரர் முகம் மாறிவிடும்.

பார்க்க வேண்டியவை பற்றி எந்தக் கையேட்டிலும் இருக்கும், சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 831-ல் அரபியர் கைக்கு வந்த பலேர்மோ, 1072-ல் நார்மன்கள் கைக்குப் போனது. வந்தவர்கள் இருந்ததை இடித்துத் தள்ளாமல், இருந்த கைவினைஞர்களையே வேலைக்கு வைத்துக்கொண்டார்கள். இரண்டாம் ரோஜர் மன்னன் அரண்மனைக்குள் கட்டி 1140-ல் அர்ப்பணித்த தேவாலயத்தில் அண்ணாந்து பார்த்தால் இஸ்லாமியத் தச்சர்களின் மரக்கூரை, சுவரில் பைசாந்தியப் பொன் மொசைக். 2015-ல் யுனெஸ்கோ பட்டியலில் ஏறியது இந்தக் கலப்புக்காகத்தான்.

ஒரு பெட்டி, நான்கு எண்

நான் தங்கிய வீடு பல்லரோவுக்கு இரண்டு சந்து தள்ளி. வாசலில் யாரும் இல்லை. போனில் வந்த செய்திப்படி ஜன்னல் கம்பியைப் பார்த்தேன். உள்ளங்கை அளவில் நம்பர் பூட்டு போட்ட சாவிப்பெட்டி. நான்கு எண்ணைத் திருப்பினால் வாய் திறந்து சாவியைத் துப்பியது. அதே கம்பியில் இன்னும் ஆறு பெட்டிகள், பூச்சிக்கூடு மாதிரி. பக்கத்துச் சந்தில் எண்ண ஆரம்பித்து இருபத்து மூன்றோடு நிறுத்திக்கொண்டேன்.

ஒவ்வொரு பெட்டியும் ஒரு வீடு. ஒவ்வொரு வீட்டிலும் ஒரு குடும்பம் இருந்திருக்க வேண்டும். இந்தக் கணக்கு பிடித்துக்கொண்ட பிறகு எனக்குக் கோபுரமும் தெரியவில்லை, மொசைக்கும் தெரியவில்லை. போகும் சந்திலெல்லாம் பெட்டிதான் தெரிந்தது.

பலேர்மோவின் பழைய நகரம் ஏற்கெனவே ஒரு தடவை காலியான இடம். 1943-ல் நேச நாட்டு விமானங்கள் குண்டு போட்டன. இடிந்த வீடுகள் பல பத்தாண்டுகள் அப்படியே கிடந்தன. போருக்குப் பிறகு பணம் புறநகர்க் கான்கிரீட்டுக்குப் போனது. பழைய நகரத்துக்கு வெளியே இருந்த அழகான மாளிகைகளும் தப்பவில்லை. 1959-ல் வில்லா தெலியெல்லா என்ற மாளிகை அவசர அவசரமாக இடிக்கப்பட்டதை அந்த ஊர்க்காரர்கள் இன்றும் ஒரு சாவுபோலத்தான் சொல்கிறார்கள். 1951-ல் ஒரு லட்சம் பேருக்கு மேல் வாழ்ந்த பழைய நகரத்தில், நாற்பது ஆண்டில் கால்பங்குகூட மிஞ்சவில்லை.

அந்தக் காலி வீடுகளில் யார் குடிவந்தார்கள் என்பதுதான் நமக்கான கதை. வாடகை மலிவு, கூரை ஒழுகும், கேள்வி கேட்பார் இல்லை. 1980-களில் போருக்குத் தப்பி வந்த இலங்கைத் தமிழர்களுக்கு அது போதுமானதாக இருந்தது. பெரிய வீடுகளில் வேலை, வயதானவர்களைப் பார்த்துக்கொள்ளும் வேலை என்று தொடங்கி, இத்தாலியில் தமிழர் அதிகம் வாழும் ஊர்களில் ஒன்றாகப் பலேர்மோ ஆனது. வங்கதேசத்தவரும் ஆப்பிரிக்கர்களும் வந்தார்கள். ஊர்க்காரர்கள் விட்டுப்போன சந்துகளில் மறுபடி அடுப்பு எரிந்தது.

ஊரோடு எப்படி ஒட்டிக்கொண்டார்கள் என்பதற்கு ஒரு மலை சாட்சி. 1624-ல் கொள்ளைநோய் வந்தபோது, பெல்லெக்ரீனோ மலையில் கிடைத்த புனித ரொசாலியாவின் எலும்புகளை ஊர்வலமாகக் கொண்டுவர, நோய் தணிந்தது என்பது நம்பிக்கை. மலைக்குகைதான் கோயில். பாறையிலிருந்து சொட்டும் நீரைத் தலைக்கு மேல் தகட்டு வாய்க்கால்கள் ஏந்திக்கொள்கின்றன. கீழே பொன்னாடை போர்த்திப் படுத்திருக்கிறாள் ரொசாலியா. கொள்ளைநோய் தீர்க்கும் அம்மன் நமக்குப் புதிதா என்ன? தமிழ்க் கத்தோலிக்கர் மட்டுமல்ல, இந்துக்களும் அந்த மலை ஏறுகிறார்கள்.

சோப்பு மணம்

நான் தங்கிய கட்டடத்தின் படியில், வாளியும் துணிமூட்டையுமாக ஓர் அம்மா இறங்கி வந்தார். 'தமிழோ?' என்று அவர்தான் முதலில் கேட்டார். யாழ்ப்பாணப் பக்கம். வந்து முப்பது வருஷத்துக்கு மேல். இதே கட்டடத்தின் மேல்மாடியில் குடியிருக்கிறார். கீழே இருக்கும் வாடகை அறைகளைச் சனி, ஞாயிறுகளில் அவர்தான் கழுவிக் கொடுக்கிறார்.

'எப்படியக்கா போகுது?' என்றேன்.

'முந்தி இந்தப் படியிலை ஏறினா ஆர் வீட்டிலை என்ன சமையல் எண்டு மணத்திலையே சொல்லிப்போடுவன் தம்பி. இப்ப எல்லா வீட்டிலையும் ஒரே சோப்பு மணம்.'

இரண்டாம் மாடியில் ஒரு சிசிலிக் கிழவி இருந்தாராம். பால்கனியிலிருந்து கயிற்றில் கூடை இறக்குவார். இந்த அக்கா ரொட்டியும் தக்காளியும் வாங்கிப் போட்டுவிட்டு, கயிற்றை இரண்டு சுண்டு சுண்டுவார். கூடை மேலே போகும். பலேர்மோவின் பழைய சந்துகளில் மாடிப்படி ஏற முடியாதவர்களின் வழி அது. கிழவி போய்ச் சேர்ந்தார், பேரன்கள் வீட்டை வாடகைக்கு விட்டுவிட்டார்கள். நான் அண்ணாந்து பார்த்தேன். கூடை இன்னும் தொங்குகிறது. உள்ளே பிளாஸ்டிக் எலுமிச்சம்பழம் நாலு, வருகிறவர்கள் படம் எடுக்க.

அக்காவின் வீட்டுக்காரரும் ஒப்பந்தம் முடிந்ததும் காலி செய்யச் சொல்லியிருக்கிறார். எங்கே போவீர்கள் என்று கேட்டேன். புறநகர்க் கான்கிரீட்டைக் காட்டுவதுபோலக் கையை வீசினார். அங்கிருந்து வேலைக்கு வர இரண்டு பஸ் மாற வேண்டும்.

வீட்டுக்காரர்கள் தரப்பையும் சொல்லிவிட வேண்டும்: இடிந்து கிடந்த கட்டடங்களைத் தூக்கி நிறுத்தியது இந்தப் பணம்தான், பிள்ளைகள் மிலானுக்கு ஓடாமல் ஊரிலேயே பிழைக்க இதுதான் வழி என்கிறார்கள். சொல்லியாயிற்று.

மற்ற ஊர்கள் மட்டும் என்ன?

ஞாயிறு, கத்தானியா. பலேர்மோவிலிருந்து ரயிலைவிட பஸ்ஸே தேவலாம். மூன்று மணி நேரத்துக்குள் இறக்கிவிடும். 1693 நிலநடுக்கத்தில் தரைமட்டமான ஊர், எட்னா கக்கிய கருங்கல்லாலேயே மறுபடி எழுந்தது. கதீட்ரல் சதுக்கத்தில் எரிமலைக்கல் யானை ஒன்று முதுகில் தூணைச் சுமந்து நிற்கிறது. அதற்குப் பின்னால் நான்கு படி இறங்கினால் மீன்சந்தை. ஆனால் என் விதி, நான் போனது ஞாயிற்றுக்கிழமை; சந்தைக்கு விடுமுறை. வாரக் கடைசி விருந்தாளிக்கு ஊரின் வாரநாள் முகம் வாய்ப்பதில்லை.

அங்கிருந்து ஒன்றேகால் மணி நேர ரயிலில் சிராக்குசா. கி.மு. 734-ல் கொரிந்து நகர கிரேக்கர்கள் குடியேறிய ஊர், ஆர்க்கிமிடீஸின் ஊர். இதன் பழைய நகரமான ஒர்த்தீஜியா ஒரு குட்டித் தீவு. கதீட்ரலின் பக்கச் சுவரைத் தடவிப் பாருங்கள். சுவருக்குள் பாதி புதைந்து, கி.மு. 5-ஆம் நூற்றாண்டு அதீனா கோயிலின் தூண்கள் அப்படியே நிற்கின்றன. தூண்களுக்கு இடையே இருந்த வெளியைக் கல் வைத்து அடைத்ததும் கோயில் தேவாலயமாகிவிட்டது. இரண்டாயிரத்து ஐந்நூறு ஆண்டுகளாகச் சாமி மாறியிருக்கிறது, கும்பிடுகிற ஆள் இல்லாமல் போகவில்லை.

ஆனால் கதீட்ரலைத் தாண்டி உள்சந்துகளுக்குள் போனால் அதே கம்பி, அதே பெட்டிகள். கொடியில் துணி காய்கிறது என்று சந்தோஷப்பட்டு அருகில் போனேன். எல்லாம் வெள்ளைப் படுக்கைவிரிப்பு. ஒரு குழந்தைச் சட்டைகூட இல்லை.

தண்ணீர்க் கதை வேறு. 2024 வறட்சியில் தெற்குக் கரை அக்ரிஜெந்தோவில் குழாயில் நீர் வராமல், சிறிய விடுதிகள் வந்த விருந்தாளிகளையே திருப்பி அனுப்பின. விருந்தாளி வேறு ஊருக்குப் போய்விடலாம். ஊர்க்காரர் எங்கே போவார்?

என்ன செய்யலாம்?

போகாதீர்கள் என்று சொல்ல எனக்கு வாயில்லை, நானே போய்வந்தவன். 2025 முதல் இத்தாலியில் சுற்றுலாவுக்கு வாடகைக்கு விடும் ஒவ்வொரு வீட்டுக்கும் தேசியப் பதிவு எண் கட்டாயம். விளம்பரத்திலும் வாசலிலும் அது இருக்க வேண்டும். இல்லையென்றால் அந்த வீடு வேண்டாம். வருகிறவரை நேரில் பார்த்து அடையாளம் சரிபார்க்க வேண்டும் என்று 2024 நவம்பரில் அரசு சொன்னது, அது நீதிமன்றம் வரை போனது. சட்டம் எப்படி இருந்தாலும், வீட்டுக்காரர் அதே வீட்டில் குடியிருந்து அறை மட்டும் வாடகைக்கு விடும் இடங்கள் இன்னும் இருக்கின்றன. கதவைத் திறக்க ஓர் ஆள் வருவார். காலையில் காப்பி மணக்கும். மூன்று ஊரை இரண்டு நாளில் விழுங்காமல், ஒரே ஊரில் நாலு நாள், அதுவும் வாரநாளில் இருந்து பாருங்கள். கத்தானியாவின் மீன்சந்தையாவது கண்ணில் படும்.

திங்கள் விடியற்காலை சாவியைப் பெட்டிக்குள் போட்டு எண்களைக் கலைத்துவிட்டுக் கிளம்பினேன். விமானம் ஏறுவதற்குள் போனில் கேள்விகள் வந்துவிட்டன, நட்சத்திரம் போடச் சொல்லி. சுத்தம்? ஐந்து. அந்தச் சோப்பு மணம் யார் கையால் வந்தது என்று தெரியும், குறைக்க மனம் வரவில்லை. அடுத்தது: உங்களை வரவேற்றவர் எப்படி நடந்துகொண்டார்?

ஜன்னல் கம்பியில் தொங்கிக்கொண்டிருந்தார் என்று எழுத அதில் இடம் இல்லை.