சாரம் இருக்கு, ஏணி எங்கே? அந்தரத்தில் தொங்கும் கொத்தனார்கள்!

வையம்பட்டி-

திருச்சி-திண்டுக்கல் ரோட்டில் பஸ்ஸில் போகிறவர்கள் ஜன்னல் வழியே பார்த்தால் தெரியும். ரோட்டோரம் மாடி கட்டும் இடங்களில் இரும்புச் சாரம் ஜம்மென்று நிற்கிறது. ஏறுவதற்கு ஏணி? பல இடங்களில் அதைத்தான் காணோம்!

கொத்தனார் குறுக்குக் கம்பியில் கால் வைத்து, பைப்பைப் பிடித்தபடி விறுவிறுவென்று ஏறுகிறார். ஒரு கையில் கரணை. பெயிண்டருக்கு டப்பா வேறு. செருப்பில் ஒட்டிய ஈரச் சிமெண்டு வழுக்கினால் கீழே ஜல்லியும் செங்கல்லும்தான்.

கம்பு போச்சு, பைப் வந்தாச்சு

ஸ்ரீரங்கத்தில் 400 வருஷம் மொட்டையாக நின்ற ராஜகோபுரம், 13 நிலையோடு 236 அடி உயர்ந்து 1987 மார்ச் 25-ந் தேதி கும்பாபிஷேகம் கண்டது. அந்தக் காலத்தில் ஊரில் எந்த வேலை என்றாலும் சவுக்குக் கம்பு, கயிறு, மூங்கில் ஏணிதான். இப்போது இரும்பு பைப் வாடகைக்குக் கிடைக்கிறது. பைப்பை எடுக்கிறார்கள், ஏணியை விட்டு விடுகிறார்கள். வாடகை மிச்சமாம்!

சாரத்துக்கென்றே இரும்பு ஏணி இருக்கிறது. மேல் நுனியில் கொக்கி. குறுக்குப் பைப்பில் மாட்டினால் நகராது. சாத்தி வைக்கும் ஏணி என்றால் கணக்கு வேறு: 4 அடி உயரத்துக்கு 1 அடி தள்ளி அடிப்பாகம் இருக்க வேண்டும். தலை, நிற்கும் பலகைக்கு மேல் 3 அடிக்குக் குறையாமல் நீட்டியிருக்க வேண்டும். இல்லாவிட்டால் பலகையில் கால் வைக்கும்போது பிடிக்க ஒன்றும் இருக்காது; விழுவது அந்த இடத்தில்தான். மேலே கட்டிப் போடவும் வேண்டும். கரணை, டப்பா எல்லாம் கயிற்றில் போகட்டும், இரண்டு கையும் ஏணிக்கு!

இந்திய தர நிர்ணய அமைவனம் 1991-லேயே ஏணிக்குத் தனி விதிமுறை (ஐ.எஸ். 3696, 2-ம் பாகம்) போட்டு விட்டது. மேஸ்திரிகளிடம் கேட்டுப் பாருங்கள், அப்படி ஒன்று இருக்கிறதா என்பார்கள்.

9 பேர் பலி

2025 செப்டம்பர் 30-ந் தேதி எண்ணூரில் அனல் மின் நிலையக் கட்டுமானத்தில் இரும்புச் சாரம் சரிந்து வடமாநிலத் தொழிலாளர்கள் 9 பேர் பரிதாபமாக இறந்தார்கள். அங்கே சரிந்தது சாரமே. ஏணி விவகாரம் அல்ல. பெரிய இடம், அதனால் நாடே பேசியது. இரண்டாவது மாடியிலிருந்து ஒருவர் விழுந்தால் பேப்பரில் நாலு வரி வந்தால் உண்டு.

சட்டம் இல்லையா? 1996-ல் கட்டுமானத் தொழிலாளர்களுக்கென மத்திய சட்டம் வந்தது. 2025 நவம்பர் 21 முதல் அந்த இடத்தில் தொழில் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டம் இருக்கிறது. ஆனால் சொந்தக் குடியிருப்பு, செலவு 50 லட்சத்துக்குள் என்றால் கட்டட வேலைக்கான அதன் பிரிவுகள் எட்டிப் பார்க்காது. வையம்பட்டி மாதிரி ஊரில் வேறென்ன கட்டுகிறார்கள்? ஏணி கேட்க வேண்டியது வீட்டுக்காரர்தான்.

இன்னொன்று. இரும்பு ஏணியில் கரண்டு பாயும். வாசலில் மின்கம்பி போனால் ஏணியை நிமிர்த்துமுன் மேலே பாருங்கள். மின்வாரிய ஆபீசில் சொல்லி லைனை நிறுத்திய பிறகே தூக்குங்கள்.