நாள் கடந்த விருந்தாளி

"விருந்தும் மருந்தும் மூன்று நாள்" என்று நம் பெரியவர்கள் சொல்லி வைத்தார்கள். நான்காம் நாள் விருந்தாளியிடம் என்ன வசூல் செய்வது என்பதை மட்டும் அவர்கள் சொல்லவில்லை. நம் வீடுகளில் அதற்கு வேறு முறை உண்டு. காப்பியில் பால் குறையும்; "ஊரில் மழை உண்டா? விதைப்பு ஆரம்பமாகிவிட்டதா?" என்று வீட்டுக்காரர் அடிக்கடி விசாரிப்பார். தேசங்களுக்கு இந்த நாசூக்கெல்லாம் கிடையாது. நாள் ஒன்றுக்கு இவ்வளவு என்று கணக்குப் போட்டு, புறப்படும் வாசலில் கையை நீட்டி வாங்கிக் கொள்கின்றன.

இந்த விஷயத்தை நான் புத்தகத்தில் படித்து அறிந்தேனில்லை. 2024-ம் வருஷத்துக் கோடை விடுமுறையில், பாங்காக் நகரில் உத்தியோகம் பார்க்கும் என் மைத்துனன் வீட்டுக்கு நானும் என் மனைவியும் போயிருந்தோம். இந்தியப் பிரஜைகள் விஸா இல்லாமலே தாய்லாந்துக்கு வந்து 30 நாள் தங்கலாம் என்று அந்தத் தேசத்துச் சர்க்கார் 2023 நவம்பரில் அனுமதி அளித்திருந்தார்கள். மே மாதம் 5-ந் தேதி போய் இறங்கினோம். 5-ம் 30-ம் 35. மே மாதத்துக்கு 31 நாள். ஆகவே ஜூன் 4-ந் தேதி வரையில் இருக்கலாம் என்று கணக்குப் போட்டேன். இருபது வருஷமாகப் பள்ளிக்கூடத்தில் கணக்குச் சொல்லிக் கொடுக்கிறவனல்லவா? என் கணக்கை நானே எப்படிச் சந்தேகிப்பேன்?

பாஸ்போர்ட்டில் அடித்திருந்த முத்திரையைப் பார்த்திருந்தால் போதும். ஜூன் 3 என்று அதில் தெளிவாகவே இருந்தது. வந்து இறங்கிய நாளையும் ஒரு நாளாகச் சேர்த்து எண்ணுவது அங்கே முறை. காலையில் இறங்கினாலும் சரி, இரவு பதினொன்றரை மணிக்கு இறங்கினாலும் சரி, அது முதல் நாள்தான்.

இதோடு போயிற்றா? ஜூன் 4-ந் தேதி இரவு விமானம் என்று நான் நினைத்துக் கொண்டிருந்தது, கடிகாரப்படி 5-ந் தேதி அதிகாலை இரண்டு மணி விமானம். மைத்துனன் வீட்டில் விடைபெறும் விருந்து நீண்டுவிட்டது. நாங்கள் பாஸ்போர்ட் பரிசோதனை செய்யும் இடத்துக்கு வந்து சேர்ந்தபோது நள்ளிரவு கடந்து பத்து நிமிஷம். அங்கே இருந்த அதிகாரி அம்மாள் முத்திரையைப் பார்த்தாள், நாட்காட்டியைப் பார்த்தாள், எங்களையும் ஒரு தரம் பார்த்தாள். பிறகு புன்னகையுடன் பக்கத்து மேஜையைக் காட்டினாள். ஒரு நாளுக்கு உட்பட்ட தாமதமாக இருந்தால் விமான நிலையத்தில் மன்னித்து அனுப்பிவிடுவது அங்கே வழக்கம். இரண்டாவது நாளில் கால் வைத்துவிட்டாலோ முதல் நாளுக்கும் சேர்த்து எண்ணிவிடுவார்கள். நாள் ஒன்றுக்கு 500 பாத். இரண்டு நாளைக்கு 1,000. இருவருக்கும் 2,000 பாத். நம் பணத்தில் அப்போது நாலாயிரத்து ஐந்நூறு ரூபாய்க்குக் கொஞ்சம் மேல். பத்து நிமிஷத் தாமதத்தின் விலை அது!

அபராதத்தைத் தாய்லாந்து நாணயத்திலேயே, ரொக்கமாகக் கேட்டார்கள். நான் மிச்சமிருந்ததையெல்லாம் செலவழித்துவிட்டுப் பெருமையுடன் வந்திருந்தேன். ஊருக்குப் போய் எல்லோருக்கும் காட்டுவதற்கென்று என் மனைவி கைப்பையில் மடித்து வைத்திருந்த இரண்டு ஆயிரம் பாத் நோட்டுகள்தாம் மானத்தைக் காப்பாற்றின. ஒரு தாளில் கையெழுத்து வாங்கினார்கள், ரசீது கொடுத்தார்கள், பாஸ்போர்ட்டில் ஒரு முத்திரை வைத்தார்கள். அரை மணியில் காரியம் முடிந்தது. அந்த ரசீதை என் மனைவி இன்னும் பத்திரமாக வைத்திருக்கிறாள். நான் யாருடைய கணக்கிலாவது பிழை காணும்போது அது வெளியே வரும்.

இந்தத் தண்டனைக்கு ஆதாரம் தாய்லாந்தின் 1979-ம் வருஷத்துக் குடிநுழைவுச் சட்டம். சட்டத்தின் எழுத்துப்படி பார்த்தால், அனுமதித்த நாளுக்கு மேல் தங்குகிறவனுக்கு இரண்டு வருஷம் வரையில் சிறை, அல்லது 20,000 பாத் வரையில் அபராதம், அல்லது இரண்டும் விதிக்கலாம். நடைமுறையில் நாளுக்கு 500 வீதம் வசூலித்து, 20,000-த்தில் நிறுத்திக் கொள்கிறார்கள். அதாவது நாற்பதாவது நாளோடு அபராதம் வளர்வது நின்றுவிடும். முன்னெல்லாம் சிலர் இதைக் கண்டுகொண்டு, "இருபதினாயிரம் கட்டினால் இஷ்டமான காலம் இருக்கலாம்" என்று வருஷக்கணக்கில் தங்கியதுண்டு. அதற்கு 2016 மார்ச்சு 20-ந் தேதி முதல் முற்றுப்புள்ளி வைத்தார்கள். தானாக வந்து புறப்படுகிறவன் 90 நாளுக்கு மேல் தாமதித்திருந்தால் ஒரு வருஷம் திரும்பி வர முடியாது. தாமதம் ஒரு வருஷத்துக்கு மேற்பட்டால் தடை மூன்று வருஷம். மூன்று வருஷத்துக்கு மேற்பட்டால் ஐந்து. ஐந்துக்கு மேற்பட்டால் பத்து. தெருவிலோ சத்திரத்திலோ போலீஸார் கையில் அகப்பட்டுக் கொண்டால் சங்கதியே வேறு. தாமதம் ஒரே வாரமாக இருந்தாலும் ஐந்து வருஷத் தடை. ஒரு வருஷத்துக்கு மேலானால் பத்து வருஷம். ஆகவே நாள் கடந்துவிட்டது என்று தெரிந்தவுடன், ஒளிந்து கொள்ளாமல் நேரே விமான நிலையத்துக்குப் போய்விடுவதுதான் புத்திசாலித்தனம்.

இன்னும் சில நாள் இருக்க வேண்டுமென்று முன்கூட்டியே தெரிந்தால், கெடு முடிவதற்குள் குடிநுழைவு அலுவலகத்தில் 1,900 பாத் செலுத்தி நீடிப்புக் கேட்கலாம். நான்கு நாள் அபராதத்தைவிட அது குறைவு. நானாவது நாளைத்தான் தப்பாக எண்ணினேன். வேறு பலர் தேதியையே தப்பாகப் படிக்கிறார்கள். விஸாவில் அச்சிட்டிருக்கும் தேதி, அதற்குள் நீங்கள் அந்தத் தேசத்தில் நுழைய வேண்டும் என்பதற்கு. எத்தனை நாள் தங்கலாம் என்பதற்கு, நுழையும்போது அடிக்கும் முத்திரைதான் அத்தாட்சி. இந்தியர்களுக்கு 30 நாளாக இருந்ததை 2024 ஜூலையில் 60 ஆக்கினார்கள். இத்தகைய விதிகள் அடிக்கடி மாறுகிறவை. நண்பர் சொன்னார், போன வருஷம் அப்படித்தான் இருந்தது என்றெல்லாம் நம்பாமல் முத்திரையைப் படியுங்கள்.

இதுவரையில் சொன்னது சிரிக்கக்கூடிய விஷயம். இனிச் சொல்லப் போவது அப்படியல்ல.

பாங்காக்கிலிருந்து திரும்பிய சில நாட்களில், என் பழைய மாணவன் ஒருவனுடைய தாயார் என்னைத் தேடி வந்தாள். 2022-ம் வருஷ ஆரம்பத்தில், ஆள் சேர்க்கும் தரகர் ஒருவர் ஒன்றரை லட்சம் ரூபாய் வாங்கிக் கொண்டு அவனைத் துபாய்க்கு அனுப்பினார். அனுப்பியது வேலை விஸாவில் அல்ல. சுற்றிப் பார்க்கப் போகிறவர்களுக்குக் கொடுக்கும் விஸாவில். "அங்கே போனதும் மாற்றிக் கொடுத்துவிடுவார்கள்" என்றாராம். போனான், வேலையும் கிடைத்தது, விஸாவை மட்டும் ஒருவரும் மாற்றவில்லை. பாஸ்போர்ட்டை வாங்கி வைத்துக் கொண்ட ஆசாமி ஒரு நாள் கடையைப் பூட்டிக்கொண்டு காணாமற் போனார். அதற்குப் பிறகு பையன் கட்டட வேலை, தோட்ட வேலை, பாத்திரம் தேய்க்கும் வேலை என்று, காகிதம் கேட்காத இடமாகப் பார்த்து உழைத்து வந்தான். மாதம் சுமார் 1,000 திர்ஹம் கையில் கிடைத்தது.

நேயர்களே, கணக்கைக் கவனியுங்கள். ஐக்கிய அரபு எமிரேட்டுகளில் தாமதத்துக்கு அபராதம், 2022-ல் எல்லா வகை விஸாவுக்கும் ஒரே சீராக்கிய பிறகு, நாளுக்கு 50 திர்ஹம். மாதத்துக்கு 1,500. அவன் சம்பாதித்ததோ 1,000! ஒரு காசு சாப்பிடாமல், ஊருக்கு ஒரு காசு அனுப்பாமல் சேர்த்தாலும், ஒவ்வொரு மாதமும் 500 திர்ஹம் கடன் ஏறும். அங்கே தாய்லாந்தைப் போல் நாற்பதாவது நாளில் அபராதம் நிற்பதுமில்லை. 900 நாளைக்கு 45,000 திர்ஹம். நம் பணத்தில் பத்து லட்சம் ரூபாய்க்கு மேல். "வெளியே போ" என்கிறது சட்டம். பணத்தைக் கட்டாமல் வெளியே போகக் கூடாது என்கிறது அபராதம். இரண்டுக்கும் நடுவில் அவன் நின்றான். 2023-ல் தகப்பனார் காலமானார். மூத்த பிள்ளை கொள்ளி வைக்க வரவில்லை. ஏன் வரவில்லை என்று ஊரில் பலர் பலவிதமாகப் பேசினார்கள்.

அந்த அம்மாளிடம் நான் என்ன சொல்வேன்? ஆயிரம் பாத்துக்கு அரை மணி நேரம் அங்கலாய்த்த என்னை நினைக்க வெட்கமாயிருந்தது.

நல்ல வேளையாக, அந்த வருஷம் செப்டம்பர் முதல் தேதியிலிருந்து அந்தத் தேசத்துச் சர்க்கார் பொது மன்னிப்பு அளித்தார்கள். இதற்கு முன் 2018-லும் அப்படி ஒன்று நடந்திருக்கிறது. முதலில் இரண்டு மாதம் என்றார்கள்; பிறகு டிசம்பர் 31 வரையில் நீடித்தார்கள். தாமதித்தவர்கள் அபராதம் கட்டாமல் ஊர் திரும்பலாம்; திரும்பி வரத் தடையும் கிடையாது; அல்லது ஒழுங்கான வேலை தேடிக் கொண்டு அங்கேயே தங்கலாம். சுற்றுலா விஸாக்காரர்களுக்கும் இது பொருந்தும் என்று படித்தவுடன் நான் அந்தப் பையனுடன் டெலிபோனில் பேசினேன். அவனுக்கு நம்பிக்கை வரவில்லை. "போனால் பிடித்து உள்ளே போட்டுவிடுவார்கள் என்கிறார்கள், ஸார்" என்றான். இப்படிச் சொல்லிப் பயமுறுத்துகிறவர்கள் யாரென்றால், காகிதமில்லாத ஆட்களைக் குறைந்த கூலிக்கு வைத்து வேலை வாங்குகிறவர்கள்தாம்.

மூன்று வாரம் தயங்கிப் பிறகு போனான். பாஸ்போர்ட் கையில் இல்லாதபடியால் முதலில் இந்தியத் தூதரகத்தார் ஊர் திரும்புவதற்கு மட்டும் செல்லும் அவசரச் சான்றிதழ் கொடுத்தார்கள். நம்மவர்கள் 'அவுட்பாஸ்' என்று சொல்வது இதைத்தான். அதைக் கொண்டு வெளியேறும் அனுமதி பெற்று, அக்டோபர் மாதத்தில் திருச்சிராப்பள்ளியில் வந்து இறங்கினான்.

மன்னிப்பு வராத காலத்தில் என்ன செய்வது? 2009-ல் நம் சர்க்கார் ஏற்படுத்திய இந்திய சமூக நல நிதி ஒன்று வெளிநாட்டுத் தூதரகங்களில் இருக்கிறது. தொழிலாளி மேல் குற்றமில்லை என்று தோன்றும் இடங்களில், நாள் கடந்து தங்கியதற்கான சிறு அபராதங்களை அதிலிருந்து கட்டி மீட்க விதி இருக்கிறது. இது நம் ஜனங்களில் எத்தனை பேருக்குத் தெரியும்? தூதரகம் என்றால் பெரிய மனிதர்கள் விருந்து சாப்பிடும் இடம் என்று எண்ணி, வாசலோடு திரும்பிவிடுகிறார்கள்.

அயல் தேசத்தாரை மட்டும் குறை கூறிப் பயனில்லை. நம் நாட்டில் 2025 செப்டம்பரில் அமுலுக்கு வந்த புதிய சட்டப்படி, விஸாக் காலம் கடந்து தங்கும் அந்நியருக்கு மூன்று வருஷம் வரையில் சிறையோ, மூன்று லட்சம் ரூபாய் வரையில் அபராதமோ, இரண்டுமோ விதிக்கலாம். வாசலுக்குக் காவல் போட எந்த வீட்டுக்காரனுக்கும் உரிமை உண்டு. என் மனத்தாங்கலெல்லாம், சுற்றுலா விஸாவை வேலை விஸா என்று சொல்லி விற்கிறவர்கள் மேல்தான். அபராதம் ஏறுவது பையன் தலையில். தரகர் வாங்கிய ஒன்றரை லட்சத்தில் ஒரு ரூபாய்கூடக் குறைவதில்லை.

போன மாதம் அந்தப் பையன் மறுபடி வந்தான். இப்போது உள்ளூரில் மோட்டார் பட்டறையில் இருக்கிறான். கூட அவன் தம்பியும் வந்திருந்தான். தம்பி கையில் ஒரு தாள்.

"மஸ்கட்டில் வேலையாம், ஸார். விஸா வந்துவிட்டது என்று தரகர் கொடுத்திருக்கிறார். நீங்கள் ஒரு தரம் படித்துப் பார்க்க வேண்டும்" என்றான் அண்ணன்.

மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு படித்தேன். விஸாவின் வகை என்ற இடத்தில் 'விஸிட்' என்று இருந்தது. அண்ணனிடம் அந்த வரியை விரலால் காட்டினேன். அவன் தாளை வாங்கி நான்காக மடித்துத் தன் சட்டைப் பையில் வைத்துக் கொண்டான். "முன்பணம் எவ்வளவு கொடுத்தாய்?" என்று தம்பியைப் பார்த்துக் கேட்டான்.