குழந்தையின் நலனும் சுற்றியிருப்போரும்

"அந்தப் பிள்ளை யாரோடும் சேராது, சுபாவமே அப்படி" என்று ஆசிரியர் அறையில் அடிக்கடி பேசிக்கொள்கிறோம். நாம் சுபாவம் என்று நினைப்பதில் பெரும்பகுதி சூழலால் வந்ததாக இருக்கலாம். நோயில்லாமல் இருப்பது மட்டும் நலம் ஆகாது. உடல், மனம், சமூகம் ஆகிய மூன்றிலும் நன்றாக இருப்பதே நலம் என்பது, 1948இல் நடைமுறைக்கு வந்த உலக சுகாதார நிறுவன அமைப்புச் சட்டத்தின் விளக்கம்.

இதற்கு நம் கடலூர் மாவட்டத்திலேயே ஓர் எடுத்துக்காட்டு உண்டு. சிதம்பரத்துக்குக் கிழக்கே உள்ள பிச்சாவரம் அலையாத்திக் காட்டில், முன்பு மரங்களை மொத்தமாக வெட்டிய இடங்களில் தரை தாழ்ந்தது. தேங்கிய கடல்நீர் வற்றி, மண்ணில் உப்பு ஏறியது. அங்கே கன்றுகள் முளைக்கவில்லை. பின்னர் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் வனத்துறையும் உள்ளூர் மக்களும் சேர்ந்து மீன்முள் வடிவில் கால்வாய்கள் வெட்டினர். ஓதநீர் வந்து போகத் தொடங்கியதும் உப்பு குறைந்தது; நட்ட கன்றுகள் வளர்ந்தன. குறை கன்றில் இல்லை, அது நின்ற இடத்தில் இருந்தது.

அந்தக் காட்டை ஒட்டிய கிள்ளைப் பகுதியில் இருளர் குடியிருப்புகள் உள்ளன. நீரில் இறங்கி இறாலையும் நண்டையும் கையால் பிடிப்பது அவர்களின் தொழில். அவர்கள் வாழ்க்கையை வைத்து மூன்று செய்திகளைப் புரிந்துகொள்ளலாம்.

முதலாவது, அடையாளம். தான் சேர்ந்த குழுவுக்குக் கிடைக்கும் மதிப்பை வைத்தே மனிதர் தம்மையும் மதிப்பிடுகிறார் என்று 1970களில் விளக்கினார் உளவியலாளர் ஹென்றி தாஜ்ஃபெல். பழங்குடியினர் சான்றிதழ் பெற இருளர் குடும்பங்கள் நெடுங்காலம் அலைந்திருக்கின்றன. அது கல்வி உதவித்தொகைக்கான தாள் மட்டுமன்று. "நீ யார்" என்ற கேள்விக்கு அரசு தரும் பதிலும் ஆகும்.

இரண்டாவது, ஆதரவு. 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலையில் நம் மாவட்டத்தில் 600க்கும் மேற்பட்டோர் இறந்தனர். மீனவக் கிராமங்களில் ஊர்ப் பஞ்சாயத்துகள் மக்களைத் தாங்கிப் பிடித்தன. நிவாரணமும் பெரும்பாலும் அவற்றின் வழியே சென்றது. அந்த அமைப்புக்கு வெளியே இருந்த இருளர், ஆதிதிராவிடர் குடும்பங்கள் தமிழகக் கடற்கரையின் பல இடங்களில் விடுபட்டதை அப்போதைய அறிக்கைகள் பதிவு செய்தன. அலை எல்லோரையும் அடித்தது. எழுந்து நிற்கக் கிடைத்த கை எல்லோருக்கும் ஒன்றாக இல்லை.

மூன்றாவது, சூழல். நீர் வற்றும் நேரத்தைப் பொறுத்தே இறால் பிடிக்கும் நேரம் அமையும். பெற்றோர் விடியலில் போய்விட்டால் பிள்ளையைக் கிளப்பிப் பள்ளிக்கு அனுப்ப வீட்டில் ஆளில்லை. வருகைப் பதிவேட்டில் தெரியும் விடுப்புக்குப் பின்னே இப்படியும் ஒரு காரணம் இருக்கலாம்.

நாம் செய்யக்கூடியவை சில:

1. பழங்குடியினர் சான்றிதழை வழங்குபவர் வருவாய்க் கோட்டாட்சியர். சான்றிதழ் இல்லாத பிள்ளைகளின் பட்டியலை ஆண்டின் தொடக்கத்திலேயே எடுத்து, பள்ளி மேலாண்மைக் குழுவில் வைக்கலாம்.

2. பிள்ளையின் அறிவுக்கு வகுப்பில் இடம் தரலாம். ஓதங்கள் பாடத்தின்போது, காயலில் நீர் எப்போது ஏறும், எப்போது இறங்கும் என்று என் வகுப்பு இருளர் மாணவர் ஒருவரைச் சொல்லச் சொன்னேன். பௌர்ணமி, அமாவாசைக் கணக்கோடு சொன்னார். அன்று இடைவேளையில் மற்ற மாணவர்கள் அவரைச் சூழ்ந்து நின்றார்கள்.

3. 'மகிழ் முற்றம்' திட்டத்தில் குறிஞ்சி, முல்லை, மருதம், நெய்தல், பாலை என ஐந்து குழுக்கள் உள்ளன. தெருவும் சாதியும் தரும் அடையாளத்தோடு, பள்ளி தரும் இன்னொரு அடையாளம் இது. ஒரே தெருப் பிள்ளைகள் ஒரே குழுவில் சேர்ந்துவிடாமல் கலந்து அமைத்தால்தான் இதன் பயன் கிடைக்கும். குழுத் தலைவர் பொறுப்பு, பேசாத பிள்ளைக்கும் ஒருமுறை வரட்டும்.

4. தொடர்ந்து வாடியிருக்கும் பிள்ளைக்கு 14417, 1098 உதவி எண்களைப் பயன்படுத்தலாம்.

அடுத்த முறை "சுபாவமே அப்படி" என்று சொல்லத் தோன்றும்போது, அந்தப் பிள்ளைக்குப் பள்ளியில் பேச்சுத்துணை யார், வீட்டில் காலையில் எழுப்புவது யார் என்று கேட்டுப் பார்ப்போம். பதில் கிடைத்தால், எங்கே கால்வாய் வெட்ட வேண்டும் என்பது நமக்குத் தெரிந்துவிடும்.