பவர் அதிகம் என்ற பதில் போதாது

சாலை நேராக இருக்கிறது, காய்ந்தும் இருக்கிறது. ஸ்டீயரிங்கை நீங்கள் அசைக்கவில்லை. ஆக்சிலரேட்டரை ஆழ அழுத்தியதும் உங்கள் ஸ்போர்ட்ஸ் காரின் பின்பக்கம் மட்டும் ஒருபுறமாக ஒதுங்குகிறது. சர்வீஸ் சென்டரில் சொன்னால், “பவர் அதிகம் சார், பின்சக்கரம் தள்ளுகிற வண்டி அப்படித்தான் இருக்கும்” என்று அனுப்பிவிடுகிறார்கள். இந்தப் பதிலோடு வீடு திரும்பாதீர்கள். ஈரச் சாலையிலோ, வளைவில் அவசரப்பட்டு அழுத்தும்போதோ பின்பக்கம் வழுக்குவது அந்த வகைக் கார்களின் இயல்புதான். காய்ந்த நேர்ச்சாலையில், வழுக்கலைத் தடுக்கும் மின்னணு அமைப்புகள் எல்லாம் இயங்கிக்கொண்டிருக்கும்போது அது நடந்தால், எங்கோ ஒரு பழுது இருக்கிறது. அதைக் கண்டுபிடிக்கவும் முடியும்.

முதலில் கவனிக்க வேண்டியது, பின்பக்கம் எப்படி நகர்கிறது என்பதை. எஞ்சின் சுழற்சி திடீரென எகிறியும் அதற்கேற்ற வேகம் ஏறவில்லை, டேஷ்போர்டில் டிராக்‌ஷன் விளக்கு மின்னுகிறது என்றால் சக்கரம் வெறுமனே சுழல்கிறது. இது பிடிமானக் குறை. டயரிலிருந்து தேடலைத் தொடங்க வேண்டும். சுழற்சியும் வேகமும் சேர்ந்தே ஏறுகின்றன, விளக்கு எரியவில்லை, ஆனாலும் கார் ஒருபுறம் இழுக்கிறது, காலை எடுத்ததும் எதிர்ப்புறம் வெட்டுகிறது என்றால் கதை வேறு. அங்கே டயர் வழுக்கவில்லை. பின்சக்கரமே தன் கோணத்தை மாற்றிக்கொண்டு காரைத் திருப்புகிறது. டமடமவென்று குதிரையோட்டம் போல அதிர்ந்தால் ஷாக் அப்சார்பரையும், டிஃபரென்ஷியலைத் தாங்கும் மவுன்ட்டுகளையும் பார்க்க வேண்டும்.

இவற்றில் அடிக்கடி தவறவிடப்படுவது, சக்கரத்தின் கோணம் மாறுவதுதான். பின் சஸ்பென்ஷனின் கரங்கள் காரின் உடலோடு ரப்பர் புஷ்கள் வழியாக இணைந்திருக்கின்றன. முழு விசையில் பின்சக்கரம் காரை முன்னே தள்ளும்போது அந்த விசை முழுவதும் இந்தப் புஷ்கள் வழியாகத்தான் போகிறது. ரப்பர் கிழிந்தோ தளர்ந்தோ போயிருந்தால் சக்கரம் சற்றே முன்னகர்ந்து திரும்பும். இரு பக்கமும் ஒரே அளவு தேய்வதில்லை என்பதால் கார் ஒருபுறமாகச் சாயும். காலை எடுத்தால் விசை தலைகீழாகி, சக்கரம் மறுபக்கம் நகரும்.

வீல் அலைன்மென்ட் எந்திரம் நிற்கும் காரைத்தான் அளக்கிறது. நிற்கும்போது எல்லா எண்ணும் சரியாக இருந்து, ஓடும்போது மட்டும் கோணம் மாறும் கார்கள் உண்டு. ஆகவே “அலைன்மென்ட் சரியாக இருக்கிறது” என்பது முடிவான பதில் ஆகாது. காரை ஹாய்ஸ்ட்டில் தூக்கி, சக்கரங்கள் தொங்கும் நிலையில் பார்த்தாலும் தேய்ந்த புஷ் சில நேரம் நன்றாக இருப்பதுபோலத் தெரியும். எடை சக்கரத்தின் மேல் இருக்கும் நிலையில், கடப்பாரை வைத்து நெம்பிப் பார்க்கச் சொல்லுங்கள். புஷ் பொருந்தியிருக்கும் உலோகச் சட்டத்தில் விரிசல் இருக்கிறதா என்றும் பார்க்கச் சொல்லுங்கள்.

அலைன்மென்ட் அறிக்கை பயனற்றது என்று சொல்லவில்லை. பல கடைகளில் முன்சக்கரத்தை மட்டும் சரிசெய்துவிட்டுப் பணம் வாங்கிக்கொள்கிறார்கள். பின்சக்கரங்களின் டோ அளவு (சக்கரம் உள்நோக்கியோ வெளிநோக்கியோ திரும்பியிருக்கும் கோணம்) இடம், வலம் தனித்தனியாக அச்சிடப்பட்ட தாளை, சரிசெய்வதற்கு முன்னும் பின்னும் கேட்டு வாங்குங்கள். பின்சக்கரங்கள் இரண்டும் பொதுவாகச் சற்றே உள்நோக்கி இருக்க வேண்டும். ஒன்று வெளிநோக்கி இருந்தால் அதுவே காரணமாக இருக்கலாம்.

டயரில் காற்றழுத்தம், வயது, தேய்மானம் மூன்றையும் பாருங்கள். பக்கச்சுவரில் நான்கு இலக்க எண் இருக்கும். 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆம் வாரத்தில் செய்தது. நன்றாகப் பட்டை தெரிந்தாலும் வயதான ரப்பர் இறுகிப்போயிருக்கும். பின் டயரின் உள்விளிம்பைக் கையால் தடவிப் பாருங்கள். வெளியிலிருந்து புதிதாகத் தெரியும் டயர் உள்ளே வழுவழுப்பாக இருப்பது கோணக் கோளாறின் தடயம். ஒரே அச்சில் இரண்டு பிராண்டு டயர்கள் இருக்கவே கூடாது.

காரைத் தாழ்த்தும் ஸ்பிரிங், அகலமான சக்கரம், எஞ்சின் மென்பொருள் மாற்றம் ஆகியவற்றைச் செய்திருந்தால் முதல் சந்தேகம் அங்கேதான். அதோடு, மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, அனுமதியின்றிக் காரின் அமைப்பை மாற்றுவதைத் தடுக்கிறது. விபத்து நடந்தால் காப்பீட்டு நிறுவனம் இதையே காட்டி இழப்பீட்டை மறுக்கப் பார்க்கும்.

பரிசோதனையைக் கிழக்குக் கடற்கரைச் சாலையில் இரவில் செய்து பார்க்காதீர்கள். எதிரே வருபவருக்கு உங்கள் புஷ் தேய்ந்தது தெரியாது. மேலே சொன்ன பெரும்பாலான சோதனைகளுக்குக் காரை ஓட்டவே வேண்டியதில்லை. ஓட்டித்தான் ஆக வேண்டுமென்றால் இருங்காட்டுக்கோட்டையிலும் கோவை செட்டிபாளையத்திலும் மூடிய பந்தயத் தடங்கள் இருக்கின்றன.

பழுது தேய்மானத்தில்தான் இருக்க வேண்டும் என்பதும் இல்லை, வடிவமைப்பிலேயே இருக்கலாம். 1998இல் வந்த ஆடி டிடி அதிவேகத்தில் திடீரென தடம் மாறும்போது பின்பக்கம் நிலைகுலைந்து, ஜெர்மனியில் உயிரிழப்புகள் நேர்ந்தன. நிறுவனம் விற்ற கார்களைத் திரும்ப அழைத்து, பின் ஸ்பாய்லரும் இ.எஸ்.பி. என்ற நிலைப்படுத்தும் அமைப்பும் பொருத்தி, சஸ்பென்ஷனையும் மாற்றியது. ஓட்டியவர் மேல் பழி போட்டு முடித்திருக்கக்கூடிய ஒரு விஷயம் அது.

இந்தியாவில் 2019 திருத்தத்தால் மோட்டார் வாகனச் சட்டத்தில் வந்த 110ஏ பிரிவு, ஆபத்தான குறைபாடுள்ள வாகனங்களைத் திரும்பப் பெற ஆணையிடும் அதிகாரத்தை மத்திய அரசுக்குத் தருகிறது. அப்படி ஆணையிட்டால் தயாரிப்பாளர் முழு விலையைத் தர வேண்டும், அல்லது வேறு வாகனம் தர வேண்டும், அல்லது பழுதுநீக்க வேண்டும். 2021 ஏப்ரல் முதல் நடைமுறையில் உள்ள விதிகளின்படி இது ஏழு ஆண்டுக்கு உட்பட்ட வாகனங்களுக்குப் பொருந்தும். போதிய எண்ணிக்கையில் உரிமையாளர்கள் புகார் செய்தால்தான் விசாரணை நகரும் என்பதால், வாகன் தளத்தில் உங்கள் புகாரையும் பதிவு செய்யுங்கள்.

தனிப்பட்ட நிவாரணத்துக்கு 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. செலுத்திய விலை 50 லட்சம் ரூபாய் வரை என்றால் மாவட்ட ஆணையம், அதற்கு மேல் 2 கோடி வரை மாநில ஆணையம், அதையும் தாண்டினால் தேசிய ஆணையம். நீங்கள் குடியிருக்கும் ஊரிலேயே வழக்குப் போடலாம். கார் ஒரு நிறுவனத்தின் பெயரில் பதிவாகியிருந்தால், வணிக நோக்கம் என்று எதிர்த்தரப்பு ஆட்சேபிக்கும். இயக்குநரின் பயன்பாட்டுக்காக நிறுவனம் வாங்கிய சொகுசுக் கார் வழக்கில் 2024 ஜூலையில் உச்ச நீதிமன்றம் அந்த வாதத்தை ஏற்கவில்லை. பழைய காரை டீலரிடம் வாங்கியவரும் புகார் செய்யலாம். தனிநபரிடம் வாங்கியவருக்கு இந்த வழி எளிதில் திறக்காது. அவர் வாங்குவதற்கு முன்பே சோதித்துவிடுவதுதான் நல்லது.

வழக்குகள் தோற்பது பெரும்பாலும் சான்றில்தான். உற்பத்திக் குறை என்று நிரூபிக்கும் சுமை புகார்தாரர் மீது விழும். நிபுணர் அறிக்கை இல்லாமல் அது கடினம். காரை ஆய்வுக்கு அனுப்பும்படி ஆணையத்திடம் கேட்க நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 38ஆம் பிரிவு வழி தருகிறது. ஆனால் அதற்குள் புஷ் மாற்றப்பட்டுப் பழையது குப்பைக்குப் போயிருந்தால் ஆய்வதற்கு என்ன மிஞ்சும்? “வண்டி ஆடுது” என்று ஜாப் கார்டில் எழுதவிடாதீர்கள். எந்த வேகத்தில், எந்த கியரில், எந்தப் பக்கம், காலை எடுத்ததும் என்ன நடந்தது என்று எழுதச் சொல்லி நகல் வாங்குங்கள். கழற்றிய பாகங்களைக் கேட்டு வாங்கி வையுங்கள். “குறை எதுவும் இல்லை” என்றால் அதையும் கையெழுத்தோடு எழுதித் தரச் சொல்லுங்கள்.

நுகர்வோர் ஆணையத்தில் புகார் செய்ய 2 ஆண்டுதான் காலவரம்பு. வழிகாட்டலுக்குத் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. காரணம் தெரியும்வரை அந்தக் காரை முழு விசையில் ஓட்டாதீர்கள். வேறு யாரிடமும் சாவியைக் கொடுக்காதீர்கள்.