ஏர்ட்மன்ஸ் பதிப்பகம்

கிரேக்கச் சொல்லொன்றின் பொருளை ஆராய வேண்டுமாயின் நாம் 'கிட்டெல்' அகராதியைப் புரட்டுகின்றோம். அதன் ஆங்கிலப் பதிப்பை அச்சேற்றியவர் யாவர் என்று கவனிப்போர் நம்மில் சிலரே.

நெதர்லாந்திலிருந்து அமெரிக்காவில் குடியேறிய வில்லியம் ஏர்ட்மன்ஸ், 1911ஆம் ஆண்டில் மிச்சிகன் மாநிலத்துக் கிராண்ட் ராப்பிட்ஸ் நகரில், ஒரு கூட்டாளியுடன் இப்பதிப்பகத்தைத் தொடங்கினார். அங்குக் குடியேறியிருந்த சீர்திருத்தச் சபையினருக்கான டச்சு இறையியல் நூல்களே தொடக்கத்தில் அதன் சரக்கு. அடுத்த தலைமுறை ஆங்கிலத்திற்கு மாறவே பதிப்பகமும் மாறிற்று. அதன் வாசகர் வட்டம் ஒரு சபையின் எல்லையைக் கடந்தது.

செர்மானிய மொழியிலிருந்த கிட்டெல் அகராதியை ஜெஃப்ரி ப்ரோமிலி மொழிபெயர்க்க, 1964 முதல் 1976 வரை பத்துத் தொகுதிகளாக அது வெளிவந்தது. இவ்வளவு காலம் முதலை முடக்கிவைக்கும் பணிக்கு, ஆண்டுதோறும் இலாபக் கணக்குக் கேட்கும் பங்குதாரர் எளிதில் இணங்கார். நிறுவனம் குடும்பத்தார் கையில் இருந்தமையாலேயே இது கைகூடிற்று என நாம் கருதுகின்றோம்.

ஏர்ட்மன்ஸிடம் தொழில் பயின்ற உறவினர் பாட் சோண்டர்வன், 1931இல் தம் சகோதரருடன் தனிப் பதிப்பகம் கண்டார். பெரிதும் வளர்ந்த அது, 1988இல் ஹார்ப்பர் அண்ட் ரோ நிறுவனத்தின் உடைமையாயிற்று. அதனால் அதன் ஊழியம் பயனற்றதாயிற்று என்று நாம் கூறவரவில்லை. ஆயினும் எந்நூலை அச்சிடுவதென்ற இறுதி முடிவு அந்நகரை விட்டு அகன்றது. ஏர்ட்மன்ஸோ 2011இல் நூற்றாண்டு நிறைவெய்தியபோதும் குடும்பத்தாரிடமே இருந்தது.

மதுரை-இராமநாதபுரத்திலும் பின்னர்ச் சென்னையிலும் பேராயராயிருந்த லெஸ்லி நியூபிகின், பல்சமயச் சமுதாயத்தில் நற்செய்தியின் இடத்தைக் குறித்து எழுதிய நூலை 1989இல் அமெரிக்காவில் வெளியிட்டதும் இப்பதிப்பகமே.