பேசிப் பேசியே ஒரு கேம்!

கேம் என்றாலே கார் ஓட்டுவதும் சுடுவதும்தான் என்று நானும் நினைத்திருந்தேன். 2006-ல் வெளியான ‘ஆப்ளிவியன்’ என்ற ரோல் பிளேயிங் கேம் அதை மாற்றியது. இவ்வகை கேமில் ஒரு கதாபாத்திரமாகவே நீங்கள் உலவ வேண்டும்.

இதில் கொலைகாரர் கூட்டத்தில் சேர்ந்தால் ‘ஹூடனிட்’ என்ற மிஷன் கிடைக்கும். பூட்டிய மாளிகைக்குள் ஐந்து விருந்தாளிகள், ஆறாவதாக நீங்கள். எங்கோ தங்கப் பெட்டி இருப்பதாக நம்பி அவர்கள் தேடுகிறார்கள். ஐவரையும் யார் கண்ணிலும் படாமல் கொன்றால் கூடுதல் பரிசு.

முதல் தடவை வாளை உருவிக்கொண்டு பாய்ந்தேன். சீக்கிரமே முடிந்தது, சப்பென்றிருந்தது. அடுத்த தடவை ஒவ்வொருவரிடமும் பேசினேன். டோவேசி என்ற பெண்ணுக்கு பிரிமோ மேல் ஆசை. மெட்டில்டுக்கோ டோவேசியைக் கண்டாலே ஆகாது. ஒருவர் இறந்ததும் மற்றவர்கள் நம்மிடமே வந்து புலம்புகிறார்கள்! சந்தேகத்தை வேறொருவர் மேல் திருப்பிவிடலாம். டோவேசியைக் கொல்லத்தான் எனக்கு மனம் வரவில்லை. கடைசி வரை தள்ளிப் போட்டேன்.

அலுப்பும் உண்டு. ஒருவர் தனியாகச் சிக்கும் வரை காத்திருக்க வேண்டும். எஃப்5 கீயை அழுத்தி சேவ் செய்துகொள்ளுங்கள். காரியம் கெட்டால் எஃப்9 அழுத்தினால் அதே இடத்துக்குத் திரும்பலாம். சிறுவர்களுக்கு இது வேண்டாம். 2025-ல் வந்த மறுபதிப்புக்கு நல்ல கிராபிக்ஸ் கார்டு தேவை. சாதாரண கம்ப்யூட்டருக்குப் பழைய பதிப்பே போதும்.